குடவோலை ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். முதல்முறை போகிறவர்களுக்கு, 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்றுகூடத் தோன்றலாம். வானளாவிய ராஜகோபுரம் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால், மண்டபத்தின் கல்சுவரை நெருங்கிப் பார்த்தால் பொடிப்பொடியாக எழுத்துகள், வரிவரியாக ஓடுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஊர்ச் சபை தனக்குத்தானே எழுதிக்கொண்ட தேர்தல் விதிகள் அவை.

என்னோடு வந்தவள் அண்ணன் மகள். சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அதோடு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறும் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சா எதுவும் உருப்படாது" என்பது அண்ணனின் கட்சி. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. 'முதலில் ஓர் ஊரைப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்' என்று அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுவரின் எதிரே நின்றதும் அவள் முகம் வாடியது. "அத்தை, தமிழ்தானே? எனக்கு ஒண்ணுமே புரியலை!" உண்மைதான். சோழர் காலத் தமிழ் எழுத்து இன்றைய வடிவம் அல்ல. பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள்; எகர ஏகார வேறுபாடு தெரியாது; நடுநடுவே வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து. கையில் கொண்டுபோயிருந்த அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினோம். அரை மணி நேரத்தில் ஒரு வரிகூட முடியவில்லை. ஆனால், 'சபை' என்ற சொல்லை அவளாகவே கண்டுபிடித்தபோது போட்ட சத்தத்தில் அங்கே இருந்த இரண்டு புறாக்கள் பறந்தன.

இங்கே இரண்டு கல்வெட்டுகள் முக்கியமானவை. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டான 919-ல் வெட்டப்பட்டது ஒன்று. 14-ஆம் ஆட்சியாண்டான 921-ல் வெட்டப்பட்டது இன்னொன்று. முதலில் போட்ட விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகள் மாதிரி பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். எல்லோரும் பார்க்கும்படி குடத்தைச் சபையில் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க, அதை விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிப்பார்கள். இப்படித் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாட்கள்.

பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது என்ற விதியைச் சொன்னதும், பி.காம். பெண்ணின் கண்கள் விரிந்தன. அவர் மட்டுமல்ல, அவருடைய அப்பா, மகன், உடன்பிறந்தவர், தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன், சகோதரியின் கணவர், அத்தை மகன், மாமன் மகன், சித்தி, பெரியம்மா மகன்கள் வரை யாரும் குடத்தில் பெயர் போட முடியாது. "ஆடிட்டிங் புக்ல படிக்கிற அதே விஷயம் அத்தை! ஆளை மாத்தி அதே வீட்டுலேர்ந்து இன்னொருத்தர் வந்துடக் கூடாதுன்னு அப்பவே யோசிச்சிருக்காங்க" என்றாள். வணிகவியல் படிக்கிறவளுக்குத்தான் அந்த வரி அப்படிப் பளிச்சென்று தெரியும். பட்டப்படிப்பும் வரலாறும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் அவளே கவனித்தாள். போட்டியிட, வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். இது பிரமதேய ஊர். நிலமற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. 'உலகுக்கே ஜனநாயகம் கற்பித்த ஊர்' என்று மேடையில் கேட்டுவிட்டுப் போனால் இது தெரியாது. கல்லைப் படித்தால்தான் பெருமையும் தெரியும், அதன் எல்லையும் தெரியும்.

அங்கிருந்து சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். மூன்று தளங்களில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் பெருமாள். பல்லவர் காலத்தில் தொடங்கிய கோயில். பிறகு ஏரிக்கரை. ஏரி வாரியம் என்று ஏன் தனியாக ஒன்று வைத்தார்கள் என்பது அந்தக் கரையில் நின்றால் விளக்கம் இல்லாமலே புரிகிறது.

பட்டப்படிப்போடு வரலாறும் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இன்று வழிகள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அனுமதித்தது. நேரடிப் படிப்போடு தொலைநிலைப் படிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். சேருவதற்கு முன் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் விதிகளையும் தேர்வுத் தேதிகளையும் கேட்டுக்கொள்வது நல்லது. பட்டமே வேண்டாம் என்றால் 'ஸ்வயம்' தளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. 1890 முதல் வெளிவரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளை நூலகத்தில் புரட்டலாம்.

வேறு துறையில் இருந்து வந்து வரலாற்றுக்கு வளம் சேர்த்தவர்கள் நம்மிடையே உண்டு. ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ் பிராமி ஆய்வில் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது. திருச்சியின் இரா.கலைக்கோவன் கண் மருத்துவர். கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படித்தவர்.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. காஞ்சிபுரத்திலிருந்தும் பேருந்து உண்டு. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் தெளிவாகத் தெரியும். ஒரு டார்ச் எடுத்துப்போங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் போதும். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவோ எண்ணெயோ தடவ வேண்டாம்.

அன்று இரவு அண்ணன் அவளுடைய நோட்டை வாங்கிப் புரட்டினார். உறவுக்காரர்கள் பட்டியலில் வந்து நின்றார். "மைத்துனனையும் விடலையா?" என்று சிரித்தார். பிறகு, "செமஸ்டர் மார்க் குறையக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அவள் விண்ணப்பத்தை எடுக்க உள்ளே ஓடினாள்.