பாலம் தாண்டிப் போன கோச்சி

எமது மறிச்சுக்கட்டிக்கு ஒருநாளும் கோச்சி வந்ததில்லை. ஆனாலும் 1990க்கு முன்னர் இங்கு வாழ்ந்த மூத்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் கோச்சிக் கதை வராமல் இராது. முருங்கனுக்குப் போய் ஏறினால், கடலுக்கு மேலால் பாலம் தாண்டி மன்னார்த் தீவில் இறங்கலாம். என் உம்மும்மாவின் தங்கை எருக்கலம்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய பிள்ளைப்பேறுகளுக்கெல்லாம் உம்மும்மா அந்தப் பாலத்தால்தான் போனாராம். பஸ்ஸும் ஓடியதுதான். ஆனால் கைக்குழந்தையோடு போகிறவளுக்கு மலசலகூடம் உள்ள கோச்சிதான் வசதி என்பார்.

தலைமன்னார்ப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அக்கரையில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் கப்பல் ஓடியது. தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்த வழி அது.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் நூற்றுக்கு மேல் கடலில் போயின. பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் அதைச் சரிசெய்தார். எங்கள் மன்னார்ப் பாலம் 1990இல் போரில் தகர்ந்தது. அதில் மீண்டும் கோச்சி ஓடியது 2015 மார்ச் 14இல். ஏறத்தாழ 25 வருடம்! போர் செய்கிறவர்களுக்குப் பாலம் என்றால் படை போகும் வழி. பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் பெண்ணின் வழி என்று யார் கணக்கில் எடுத்தார்கள்? நான் பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியல் புத்தகங்களிலும் அது இருக்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தங்கை குடும்பம் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனது. உம்மும்மா காட்டுவழியே புத்தளம் போனார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின. நான் அந்த முகாமில் பிறந்தவள். தங்கை ஊர் திரும்பாமலே புத்தளத்தில் மௌத்தானார்.

கோச்சி திரும்ப ஓடத் தொடங்கிய வருடமே உம்மும்மாவைக் கூட்டிக்கொண்டு முருங்கனில் ஏறினேன். பாலத்தில் அழுவார் என்று நினைத்தேன். "இவ்வளவு கெதியா முடிஞ்சிட்டுதா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அன்று வேறு வேலை இருந்தது. தங்கை மகள் வளவு உறுதியின் பிரதியைக் கொடுத்து, எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தாள்.

மூன்று கல் இருந்தது. நான்காவது பக்கத்து வேலிக்குள் போயிருந்தது. வேலிக்காரப் பெண்ணும் முகாமிலிருந்து திரும்பியவள்தான். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், சண்டை பிடிக்கவில்லை. கல்லை ஒப்புக்கொண்டு அவளும் எங்களோடு கிராம அலுவலரிடம் வந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னேரக் கோச்சியைப் பிடித்தோம்.