பொதுக் கிணறு

பழைய பாகப் பத்திரங்களைப் படித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நஞ்சையைப் பிரித்திருப்பார்கள், புஞ்சையைப் பிரித்திருப்பார்கள், வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியிருப்பார்கள், வெண்கலப் பானையிலிருந்து ஆட்டுக்கல் வரை ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். கிணறு வந்ததும் பேனா சற்று நின்றுவிடும். கிணற்றை எப்படி வெட்டிப் பங்கு போடுவது? ஆகவே, "கிணறு பொது, மூத்தவர் ஒரு நாளும் இளையவர் ஒரு நாளும் இறைத்துக் கொள்ள வேண்டியது" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் வழக்கு வந்தால், அது பெரும்பாலும் பிரித்த நிலத்தைப் பற்றியதாக இராது. பிரிக்காமல் விட்ட கிணற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

கம்ப்யூட்டரிலும் இந்தப் பாகப்பிரிவினை உண்டு. அதற்கு அங்கே வழங்கும் பெயரும் 'பார்ட்டிஷன்'தான். வக்கீல்கள் சொல்லும் அதே வார்த்தை. ஒரே ஹார்ட் டிஸ்கைப் பிரித்து, ஒரு பாகத்தில் விண்டோஸையும் இன்னொரு பாகத்தில் லினக்ஸையும் குடி வைக்கிறார்கள். இயந்திரத்தைத் திறக்கும்போது, "இன்றைக்கு யார் முறை?" என்று அது நம்மைக் கேட்கும். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் விழித்திருக்க முடியாது.

இப்படி இரண்டு குடித்தனம் வைப்பது வீண் ஆடம்பரமல்ல. பெரும்பாலும் சிக்கனம்தான் காரணம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் பல பழைய இயந்திரங்களுக்கு இல்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தை எடைக்குப் போட மனம் வருமா? 1991-இல் ஹெல்சின்கி நகரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்த லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது; பழைய இயந்திரத்திலும் ஓடுகிறது. ஆனால் பழகிப்போன சில புரோகிராம்கள் விண்டோஸில்தான் நடக்கும். ஆகவே, இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்.

இருவரும் பொதுவில் புழங்க வேண்டிய கோப்புகளை எங்கே வைப்பது என்பதுதான் கிணற்றுப் பிரச்னை. கோப்புகளை அடுக்கி வைப்பதில் ஆளுக்கொரு முறை உண்டு. விண்டோஸின் முறை 1993-இல் வந்த என்டிஎஃப்எஸ். லினக்ஸில் பெரும்பாலும் வழங்குவது 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4. லினக்ஸின் பாகத்தை விண்டோஸ் தானாகத் திறந்து பார்ப்பதில்லை. லினக்ஸ்காரர்களோ, முழு விவரமும் யாரும் எழுதிக் கொடுக்காத நிலையிலும், மற்றவருடைய முறையைத் தடயம் பார்த்துத் தடயம் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். 2007-இல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற கருவி நம்பிக்கையோடு எழுதவும் வழிசெய்தது. 2021-இல் அந்த வித்தை லினக்ஸின் உட்கருவுக்குள்ளேயே புதிய வடிவில் இடம்பெற்றது. பக்கத்து வீட்டுப் பாஷையை எளியவர்தான் முதலில் கற்க வேண்டியிருக்கிறது; உலக வழக்கம் அது.

இதனால் பொதுப் பாகத்தை என்டிஎஃப்எஸ் முறையில் அமைப்பது வழக்கமாயிற்று. ஃபேட்32 என்ற பழைய முறை இருவருக்கும் தெரியும். ஆனால் 4 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு அதற்குள் நுழையாது. அதன் வாரிசான எக்ஸ்ஃபேட்டின் இலக்கணம் 2019-இல் வெளியிடப்பட்டது. அதுவும் நல்லதுதான், ஆனால் நடுவில் மின்சாரம் போனால் பார்த்துச் சரிசெய்து கொள்ளும் நாட்குறிப்பு அதில் கிடையாது.

சில்லறைச் சண்டைகளும் உண்டு. லினக்ஸில் இருந்துகொண்டு ஒரு அத்தியாயத்துக்கு 'அவள் யார்?' என்று பெயரிட்டால், கேள்விக்குறி கோப்பின் பெயரில் வரலாகாது என்பது விண்டோஸின் சட்டம். கடிகாரத்திலும் தகராறு. இயந்திரத்துக்குள் இருக்கும் கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். நம் நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. நேற்று ராத்திரி எழுதியது நேற்று மாலையே எழுதியதாகக் கணக்கில் ஏறும். இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012-ஆம் ஆண்டு முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. நாம் 'ஷட் டவுன்' சொன்னால், நாம் திறந்து வைத்தவற்றையெல்லாம் அது மூடிவிடும். தன்னுடைய உட்கருவை மட்டும் மூடாது. அந்த நிமிஷத்தில் தன் நினைவில் இருந்ததை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகும். மறுநாள் அந்தக் கோப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். சீக்கிரம் எழுந்திருப்பதற்காகச் செய்த உபாயம் இது. தனிக் குடித்தனத்தில் சௌகரியம். பொதுப் பாகம் இருக்கிற வீட்டில்தான் வம்பு. அது தூங்கும்போது லினக்ஸ் வந்து அந்தப் பாகத்தில் எழுதிவிட்டால்? விழித்தவர் தட்டைப் பார்ப்பதில்லை. தன் நினைவையே நம்புகிறார். புதிதாக எழுதிய இடம் அவர் கணக்கில் காலி இடம். அதன்மேலேயே எழுதவும் செய்வார். லினக்ஸ் இதை அறியும். பாகம் சரியாக மூடப்படவில்லை என்று கண்டால், "படிக்கலாம்; எழுத மாட்டேன்" என்று சொல்லும். சில சமயம் திறக்கவே மறுத்துவிடும்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கமலை இறைத்த காலத்துச் சொற்களைப் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வருகிறார். சால், வடம், தும்பி என்று நமக்கு நாலைந்து தெரியும். அவரிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன. பம்பு செட்டு வந்தபின் சொல்ல ஆளில்லாமல் போன சொற்கள். இளமையில் கமலை ஓட்டிய ஒரு பெரியவரின் திண்ணையில் நான்கு நாள் உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்து அவ்வளவையும் லினக்ஸில் தட்டி, பொதுப் பாகத்தில் வைத்தார். அதற்கு முந்தின வாரம் அந்தப் பாகம் எழுத மறுத்திருக்கிறது. பழுது பார்க்கிற கடைப் பையன் ஏதோ ஒரு கட்டளை கொடுத்து, அந்த மறுப்பை நீக்கி, "இனிமே கேக்காதுங்கய்யா" என்று சொல்லிப் போயிருந்தான். அவன் சொன்னபடியே அது கேட்கவில்லை. அடுத்த முறை மற்ற குடித்தனத்தை எழுப்பியபோது நான்கு நாள் சொற்களும் அங்கே இல்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்து பார்த்தார், இங்கும் இல்லை.

"அதனால என்ன வாத்தியாரையா, இன்னொரு தரம் போய்க் கேட்டுக்கொள்ளலாமே" என்றேன்.

"போனேன் சார். காரியம் முடிஞ்சு மூணு நாள் ஆயிருந்துது" என்றார்.

நினைவிலிருந்து அவர் திரும்ப எழுதியவை இருபது சொற்கள் இருக்கும். மற்றவை அந்தப் பெரியவரோடு போய்விட்டன.

யோசித்துப் பார்த்தால், இதில் யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவுமில்லை. ஒருவர் புறப்படும்போது பிடியை விடாமல் புறப்பட்டார், அவ்வளவுதான். பொதுச் சொத்தில் ஆகிற சேதம் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. எடுத்துக்கொள்வதில் நியாயம் பார்க்கிற நாம், விட்டுப் போவதில் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. முறை முடிந்தால் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். பாதிக் கிணற்றில் வாளி தொங்கக் கூடாது.

பரிகாரம் சுலபமானது. விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பக்கம் ஒன்று உண்டு. அங்கே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதற்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும். அதற்கு அவகாசமில்லையென்றால், 'ஷட் டவுன்' செய்யாமல் 'ரீஸ்டார்ட்' செய்து மறுபக்கம் போகலாம். 'மூடு' என்றால் முழுக்க மூடாத அது, 'மறுபடி தொடங்கு' என்றால் முழுக்க மூடிவிடும்! லினக்ஸையும் அரைத் தூக்கத்தில் போட்டுவிட்டு மற்றவரை எழுப்பக் கூடாது. எழுத மறுத்தால், பலவந்தம் செய்யாமல் விண்டோஸுக்குத் திரும்பிப் போய், சரியாக மூடிவிட்டு வர வேண்டும். அந்த மறுப்பு விரோதமல்ல; உபகாரம்.

நண்பர் இப்போது இவ்வளவும் செய்கிறார். அன்றன்று எழுதியதை ஒரு சின்னப் பென் டிரைவில் பிரதி எடுத்து, பீரோவிலும் வைத்துக்கொள்கிறார். "கிணறு வாசல்லேயே இருந்தாலும் வீட்டுக்குள்ள ஒரு குடம் தண்ணி எடுத்து வெச்சுக்கத்தான் வேணும் சார்" என்கிறார். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் இன்னொரு பெரியவரைப் பார்க்கப் போகிறார். அவருக்கும் வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டதாம்.