மேடையில் இடம் கேட்கும் சாமான்கள்

ஞாயிறு

தீபாவளி நெருங்குகிறது. பேப்பருக்குள் செருகி வரும் கடை நோட்டீஸ்கள் பேப்பரைவிடக் கனமாக இருக்கின்றன. ஏர் ஃபிரையர், ரொட்டி மேக்கர், முட்டை வேகவைக்கும் டப்பா, சாண்ட்விச் மேக்கர், கரண்டில் ஓடும் தேங்காய்த் துருவி, தயிர் உறைய வைக்க ஒன்று. பழைய மிக்சியைக் கொடுத்தால் புதிதில் தள்ளுபடி என்று எல்லாக் கடையும் சொல்கிறது.

மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். வாடகை வீட்டில் இப்போதுதான் குடியேறியிருக்கிறார்கள். "மேடை அஞ்சடிகூட இல்லம்மா. எது வாங்கணும், எது வேண்டாம்னு எழுதி அனுப்பு. நீ சொல்றதைத்தான் வாங்குவோம்."

வாட்ஸாப்பில் நாலு வரி போட்டால் முடிந்தது. ஆனால் எனக்கு இது நாலு வரி விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு சாமான் சமையலறைக்குள் வந்தால் அதைக் கழுவ, துடைக்க, தூக்கி வைக்க, ரிப்பேருக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கேட்காமல் வாங்கியவைதான் சீக்கிரம் பரணேறுகின்றன. நிதானமாக யோசித்துத்தான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

திங்கள் இரவு

அமெரிக்காவில் ஆல்டன் பிரவுன் என்று ஒரு தொலைக்காட்சிச் சமையல்காரர் இருக்கிறார். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆகிற கருவியை வீட்டுக்குள் விடாதீர்கள் என்பது அவர் பல வருஷமாகச் சொல்லிவரும் அறிவுரை. தீயணைக்கும் சிலிண்டருக்கு மட்டும் விலக்குத் தருவார். ஆப்பிளைத் துண்டு போட ஒன்று, பூண்டு நசுக்க ஒன்று என்று டிராயரை நிரப்பும் ஊருக்கு அது பொருத்தமான பேச்சு. இங்கேயும் பலர் அதையே சொல்கிறார்கள்.

நம் வீட்டுக்கு அந்த அளவுகோலை வைத்தால் முதலில் வெளியே போக வேண்டியது வெட் கிரைண்டர். மாவாட்டுவதைத் தவிர அது என்ன செய்கிறது? தேங்காய் துருவவும் சப்பாத்தி மாவு பிசையவும் கூடவே சாமான் தருகிறார்கள்தான், எங்கள் தெருவில் அவற்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவர்கள் குறைவு. அடுத்து இட்லிப் பானை போகும். இடியாப்ப உழக்கு, புட்டுக் குழாய், பணியாரக் கல் எல்லாம் பின்னாலேயே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. அப்படியும் தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருக்கின்றன, ஏனென்றால் அந்த ஒரு வேலை வாராவாரம் வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே எத்தனை வேலை செய்யும் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. நம் வீட்டில் அந்த வேலை எத்தனை முறை வருகிறது, மிஷின் இல்லாவிட்டால் அதை யார் கை செய்யும் என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பதில் நம்மிடம்தான் இருக்கிறது.

செவ்வாய்

இன்று மாவாட்டும் நாள். ஊறிய உளுந்தைப் போட்டு ஓடவிட்டேன். முதலில் கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவே பருப்பு கரகரவென்று அரைபடும். தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பருப்பு கல்லடியில் சிக்காமல் நழுவி நழுவிச் சுற்றும். கால் மணி நேரத்தில் சத்தம் அடங்குகிறது. மாவு வெளுத்து, உப்பி, கல்லின் பக்கவாட்டில் ஏறி மடங்கி மடங்கி விழுகிறது. அரை மணி ஆனதும் ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. உளுந்தை வழித்துவிட்டு அரிசியைப் போட்டேன், அது ரவைப் பதம் வந்தால் போதும்.

இதையே மிக்சியில் செய்தால் உளுந்து காணாது. பல மிக்சிகளில் பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் ஓடும். அது பருப்பை வெட்டும், ஜாரும் மாவும் சூடாகும். கல் மெதுவாகச் சுற்றி நசுக்குகிறது, ஒவ்வொரு சுற்றிலும் காற்றையும் மாவுக்குள் மடித்துவிடுகிறது. உளுந்தில் உள்ள புரதமும் அதன் வழவழப்பும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ராத்திரி மாவு புளிக்கும்போது பாக்டீரியா உண்டாக்கும் வாயுவையும் அவையே பிடித்து வைக்கின்றன. காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும் மாவு இப்படித்தான் வருகிறது. ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்தால் மிக்சியிலும் சாப்பிடும்படியான இட்லி வரும். இரண்டு பேருக்கு, அவசரத்துக்கு அது சரி. வாரா வாரம் முடியாது.

கரண்டுச் செலவும் அதிகமில்லை. மேஜைக் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு.

எங்கள் ஊர் மிஷின் என்பதால் எனக்குக் கூடுதல் பாசம் உண்டு. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மோட்டாரையும் கல்லையும் சேர்த்து முதலில் செய்தார். பிறகு ஊரெங்கும் பட்டறைகள் வந்தன, கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயருக்கே புவிசார் குறியீடு கிடைத்தது. மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் செய்யத் தெரிந்த ஊர், தன் வீட்டுப் பெண்களின் வேலையையும் ஒரு பொறியியல் கணக்காக எடுத்துக்கொண்டது பெரிய காரியம்.

கழுவுவதுதான் பாடு. கல்லின் அச்சில், டிரம் நடுவில் இருக்கும் தண்டில், மாவை ஒதுக்கிவிடும் பிளாஸ்டிக் தகட்டின் பின்னால் மாவு ஒட்டிக் காய்ந்தால் அடுத்த முறை புளித்த வாடை வரும். அரைத்த கையோடு தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டால் பாதி வேலை குறையும். இதை மகளுக்கு எழுத வேண்டும்.

வியாழன்

அத்தையிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், என் மாமியார். கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லில் ஒரு பெரிய குடும்பத்துக்கு மாவாட்டியவர்.

"கிரைண்டரு வந்தப்ப எப்படி இருந்துச்சுங்க அத்தை?"

"என்னத்தை சொல்ல அம்மிணி. ஒரு கை குழவியைச் சுத்தோணும், ஒரு கை மாவைத் தள்ளோணும். குழவிக்குள்ள விரல் மாட்டாம பாத்துக்கோணும். பொழுது விழுந்து ஒக்காந்தா எந்திரிக்க ராத்திரி ஆயிரும். மொத மொத மிஷின்ல மாவு ஓடுனதைப் பாத்துட்டு, நான் சும்மா நின்னுட்டே இருந்தேன். கை என்ன செய்யறதுன்னு தெரியல."

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்களின் அடியில் தோல் இன்னும் தடித்தே இருக்கிறது. கல் வழவழப்பாகிவிட்டால் கொத்துகிறவர் தெருவில் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். கொத்திய முதல் ஆட்டில் மாவில் கல்தூள் வரும் என்று அதை மாட்டுக்கு வைத்துவிடுவார்களாம். இட்லி அன்றைக்கு விசேஷப் பலகாரமாக இருந்ததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். இன்று நாம் தினமும் சாப்பிடுவது மிஷினுக்குப் பிறகு வந்த பழக்கம்.

2011 தேர்தலை அத்தைதான் ஞாபகப்படுத்தினார். இரண்டு பெரிய கட்சிகளும் மிக்சி, கிரைண்டர் தருவோம் என்று அறிக்கையில் போட்டன. ஜெயலலிதா ஆட்சிக்கு வந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுக்கத் தொடங்கினார். இலவசம் என்று அதைப் பலர் ஏளனமாகப் பேசினார்கள், எனக்கு அந்த ஏளனம் அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா, பகலெல்லாம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போய் ராத்திரி தன் வீட்டில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவர். அவருக்கு அந்த மிஷின் ஒரு ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

வெள்ளி

தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் ஏர் ஃபிரையர் வைத்திருக்கிறாள். 2010-ல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த சாமான், இப்போது எல்லாரும் செய்கிறார்கள். சிறிய அடுப்புப் பெட்டி, மேலே சூட்டுக் கம்பி, அதற்கு மேல் வேகமான காற்றாடி. வறுப்பதாகச் சொன்னாலும் அது சுடுகிறது.

கருணைக்கிழங்கு வறுவல் நன்றாக இருந்தது. மசாலா தடவிய மீனும் பரவாயில்லை. வாழைக்காய் பஜ்ஜி செய்ய முடியுமா என்று கேட்டேன், சிரித்தாள். கரைத்த மாவு எண்ணெயில் விழுந்ததும் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சூடு பட்டு இறுகிவிடும். காற்றில் அப்படி இறுகாது, அதற்குள் கூடையின் ஓட்டை வழியே ஒழுகிவிடும். முறுக்கு, வடையும் எண்ணெயில் வெந்த மாதிரி அதில் வராது. ஆக, நம் பலகாரச் சட்டிக்கு இது மாற்று ஆகாது.

ஆனால் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கு மொறுமொறுப்பு இல்லாமல் சோறு இறங்காது. தினமும் ஒரு காய் அதில் போகிறது. 1,500 வாட்டில் 20 நிமிடம் என்றால் அரை யூனிட், அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கூடையைத் தினமும் கழுவுகிறவர் அவர்தான். அந்த வீட்டில் அது இருக்க வேண்டிய சாமான். என் மகள் வீட்டில் கடாயில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மூடி வைத்து வதக்கினால் அதே கருணைக்கிழங்கு வந்துவிடும்.

ரொட்டி மேக்கரை அடுத்த வீட்டில் பார்த்துவிட்டேன். மாவு தளர்வாக இருந்தால்தான் அழுத்தும்போது விரிகிறது, தளர்ந்த மாவில் செய்தது ஆறியதும் தோல் மாதிரி ஆகிறது. வேண்டாம்.

ஞாயிறு

மிக்சி பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை, ஆனாலும் அதன் கதையை அவளுக்குச் சொல்ல ஆசை. மாதுரி மாத்தூர் என்ற பெண்மணி வைத்திருந்த ஜெர்மன் மிக்சி பழுதாகி, இங்கே சரிசெய்ய வழியில்லாமல் போனது. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் எஞ்சினியர். காய்ந்த மஞ்சளையும் மிளகாயையும் ஊறிய பருப்பையும் அரைத்துத் தாங்கும் மோட்டார் நம் ஊருக்கு வேண்டும் என்று 1963-ல் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்தார். அந்த வெளிநாட்டு மிஷின் கேக் மாவுக்கும் பழச்சாறுக்கும் செய்தது, அம்மிக்கு மாற்றாக நிற்கச் செய்ததல்ல.

ஜப்பானிலும் இதேபோல் ஒன்று நடந்திருக்கிறது. தோஷிபாவுக்காக யோஷிதாதா மினாமி தானே அணையும் மின்சார அரிசிக் குக்கரைச் செய்தபோது, திரும்பத் திரும்பச் சோறு வடித்துச் சோதித்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. வெளிப் பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீர் சுமார் 20 நிமிடத்தில் வற்றும். வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும், அதை உணர்ந்து உலோகத் தகடு வளைந்து கரண்டை நிறுத்தும். அது கடைக்கு வந்த வருஷமும் 1955, எங்கள் ஊர்க் கிரைண்டரின் வருஷம். இரண்டு ஊரும் தங்கள் அரிசியை வைத்து யோசித்திருக்கின்றன. வேறு ஊர்ச் சாப்பாட்டுக்குச் செய்த மிஷினை இறக்கிக்கொண்டு, அதற்கு என்ன சமைப்பது என்று தேடும்போதுதான் காசு வீணாகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டில் அரிசிக் குக்கர் ஓய்வதே இல்லை. மகளிடம் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதற்குள் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை போகும், பருப்பும் சோறும் ஒரே ஏற்றத்தில் முடியும். அவளுக்கு இரண்டாவது வேண்டியதில்லை.

செவ்வாய்

மிக்சிக்குக் கப்ளர் மாற்ற ரிப்பேர் கடைக்குப் போனேன். பெஞ்சின் ஒரு பக்கம் முழுக்க மிக்சியும் கிரைண்டரும். புஷ், பெல்ட், கெப்பாசிட்டர், ஜார் பிளேடு எல்லாம் சரம் சரமாகத் தொங்குகின்றன. மூலையில் இந்த நோட்டீஸ் சாமான்கள் தூசியோடு அடுக்கியிருந்தன. ஏன் அப்படியே கிடக்கின்றன என்று கேட்டேன். "ஸ்பேர் வரலீங்க அக்கா. போர்டு போனா புதுசு வாங்கற காசு கேக்கறாங்க. கொண்டாந்து குடுத்தவங்க திரும்ப வரவே இல்லீங்க" என்றார். கப்ளர் பத்து நிமிட வேலை.

வாங்குவதற்கு முன்னால் தெருமுனைக் கடையில் இதற்கு ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்கச் சொல்ல வேண்டும். விலைச் சீட்டில் எழுதாத விலை அது.

புதன் இரவு

மகளுக்குப் போன் செய்தேன். மிக்சி 750 வாட்டில் ஒன்று, மூன்று ஜார் போதும். ஏர் ஃபிரையர், ரொட்டி மேக்கர், முட்டை டப்பா வேண்டாம். கிரைண்டர் மட்டும் இழுபறி.

"பாக்கெட் மாவு கீழேயே கிடைக்குதும்மா" என்றாள்.

"வாரத்துல எத்தனை நாள் இட்லி, தோசை?"

"நாலு நாள் ஆயிரும். அவருக்கு ராத்திரி தோசைதான்."

இரண்டு நாள் என்றால் பாக்கெட்டே போதும், கிரைண்டர் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நாலு நாள் என்றால் வாங்கு என்றேன். இரண்டு லிட்டர் வேண்டாம், ஒன்றேகால் லிட்டர் போதும்.

"கழுவறதை நெனச்சாத்தாம்மா மலைப்பா இருக்கு."

"கடைக்குத் தனியாப் போகாத கண்ணு. டிரம்மைக் கழட்டி, கல்லோட தூக்கிப் பாரு. உன் சிங்க்ல படுக்குமான்னு அளவு எடுத்துட்டுப் போ. மாப்பிள்ளையையும் தூக்கிப் பாக்கச் சொல்லு. தோசை அவருக்குத்தானே, கழுவறது அவர் பொறுப்புன்னு கடையிலயே பேசிக்குங்க."

ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது போல. "சரிங்க அத்தை" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது.