புதிய விவசாயி யார்?

2020 கடைசியில அரசாங்கம் ஒரு அறிவித்தல் விட்டது. இளம் தொழில்முனைவோருக்கு ஒரு இலட்சம் காணித் துண்டுகள். அரச காணியில விவசாயம் செய்ய ஆசைப்படுறவங்க விண்ணப்பிக்கலாம். கொரோனா இரண்டாம் அலையில கொட்டாஞ்சேனை பூட்டிக் கிடந்த நேரம் அது. எங்க போர்டிங் அறையில ஆறு பேர். அதில ஐந்து பேர் தோட்டத்துப் பிள்ளைகள்: வெள்ளவத்தை புடவைக்கடை, செட்டியார் தெரு நகைக்கடை, ஒரு ஹோட்டல். வேலை இல்லாம படுத்துக்கிடந்த ஐந்து பேரும் அந்தப் படிவத்தை ஃபோனில பார்த்தோம்.

"அண்ணே, நம்ம பக்கம் எங்க காணி இருக்கு கேக்க?" என்றான் தம்பி ஒருத்தன்.

நியாயமான கேள்வி. விடை கொஞ்சம் விசித்திரமானது. எங்க ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் அரச காணிதான்! 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி இன்னும் அரசாங்கத்தோடது. கம்பனியிடம் இருப்பது 53 வருடக் குத்தகை. அது முடிவது 2045இல். ஆக, அரச காணியைக் குத்தகைக்குக் கொடுப்பது இலங்கைக்குப் புதிய யோசனை இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னும் பின்னால போகலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எத்தனையோ குடும்பங்களுக்குப் பெர்மிட்டில் காணி கிடைத்தது. கல்லோயா, மகாவலி என்று குடியேற்றத் திட்டங்கள் வந்தன. அந்த வருடங்களில் எங்க ஆட்கள் பலருக்கு, 1948 குடியுரிமைச் சட்டத்தின் புண்ணியத்தில், நாடே இல்லை. நாடில்லாதவனுக்கு யார் காணி கொடுப்பா? பிறகு பேசப்பட்டது வீடு கட்ட ஏழு பேர்ச். ஒரு ஏக்கர் 160 பேர்ச். அதாவது ஒரு ஏக்கரில இருபத்துமூன்றில் ஒரு பங்கு. அதில வீடு கட்டின பிறகு கறிவேப்பிலை நடலாம்.

கொழும்பில 'விவசாயத்துக்குத் திரும்புவோம்' என்று பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். 2022 நெருக்கடியில அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில பயிரிடச் சொன்னார்கள். வெள்ளவத்தை மாடிவீடுகளில் எதைப் பயிரிடுவது என்று யாரும் சொல்லவில்லை. அதே தெருவில துணி மடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு லீக்ஸுக்கு எப்போது மண் அணைப்பது, உருளைக்கிழங்கு இலையில பனிக்குப் பிறகு என்ன நோய் வரும் என்று எல்லாம் தெரியும். லயத்துக்குப் பின்னால இருந்த துண்டு நிலத்தில, பத்து வயசிலிருந்து அவன் அப்பாவோடு வேலை செய்தவன். அவனைத்தான் அந்தப் படிவம் 'புதிய' விவசாயி ஆக்கப் பார்த்தது.

சில கம்பனிகள் வெளியாள் உற்பத்தி முறை என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி, நீங்களே பராமரிங்க, கொழுந்தை எங்க தொழிற்சாலைக்குக் கொடுங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனால் காணியில உங்க பெயர் இருக்காது, கொழுந்துக்கு விலை வைப்பதும் வாங்குகிறவர்தான். மழை பெய்யாவிட்டால் நட்டம் மட்டும் முழுசா உங்களோடது. அம்மா கேட்டுச்சு: "அப்ப நாங்க தொழிலாளியா, முதலாளியா? சேமலாப நிதிய யாரு கட்டுவா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

சிறு தோட்டக்காரர்களால முடியாது என்று சொல்லவும் முடியாது. இலங்கைத் தேயிலையில 70 வீதத்துக்கும் மேல் அவர்களுடையது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் ஒரு ஏக்கர், அரை ஏக்கர்காரர்கள். அவர்களுக்குத் தேயிலைச் சிறு தோட்ட அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. மறுநடுகை மானியம், ஆலோசனை எல்லாம் அதன் வழியாக வருகிறது. காணியைக் கொடுத்துக் கையை விட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தார்கள். 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. பெரிய கம்பனி அதைத் தாங்கும். முதல் வருடக் குத்தகைக்காரன் அடுத்த பஸ்ஸில கொழும்புக்கு வருவான்.

பெர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அதனால வங்கியும் யோசிக்கும். கேரளத்தில குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். குழுவின் பொறுப்பில வங்கி கடன் கொடுக்கிறது. மலையகத்தில அதைச் செய்ய ஆள் இல்லையா? கொழுந்து எடுக்கும் பெண்கள் ஏற்கனவே குழுவாகத்தான் மலை ஏறுகிறார்கள்.

கம்பனிகள் பயிரிடாமல் காடாக விட்டிருக்கும் துண்டுகள் எல்லா டிவிஷனிலும் கண்ணுக்குத் தெரியும். 2045 வரை காத்திருக்காமல், முதலில் அவற்றை அளந்து, தோட்டத்தில பிறந்தவர்களின் பெயரில, அம்மாக்களின் பெயரிலும், முப்பது வருடக் குத்தகைக்குக் கொடுக்கட்டும். முதல் மூன்று போகத்துக்கு விதையும் பசளையும் கடனாகக் கிடைக்கட்டும். விண்ணப்பப் படிவம் தமிழிலும் இருக்கட்டும். விலாசம் என்ற இடத்தில லயத்தின் இலக்கத்தை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளட்டும்.