என் சைடு கண்ணாடி தெரியுதா?

எங்கள் தெருவில் கார் மக்கர் பண்ணினால், மெக்கானிக் வருவதற்குள் நாலு பேர் பானெட்டைத் திறந்துவிடுவார்கள். சிங்கப்பெருமாள் கோவில் என்றால் அப்படித்தான். இந்தப் பக்கம் மறைமலை நகர், அந்தப் பக்கம் மகேந்திரா சிட்டி, ரயில்வே லைனைத் தாண்டி மேற்கே போனால் ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர். கார், லாரி, புல்லட், டயர், சீட் என்று எல்லாமே இந்த வட்டாரத்தில் தயாராகிறது. வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு வண்டிக் கம்பெனியில் இருப்பார். ஆனால் பெயின்ட் ஷாப்பில் இருப்பவருக்குப் பெயின்ட்தான் தெரியும். கதவு மாட்டுகிறவருக்குக் கதவு. "ஸ்டார்ட் ஆகலை தம்பி" என்று சொன்னால், கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஃபிட்டிங் சூப்பரா இருக்குக்கா" என்று போய்விடுவார்!

ஆலோசனையை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டு, பாதியைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். பதினோரு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ரயில்வே கேட்டில் காத்துக் காத்தே பொறுமை வந்த ஊர் எங்களுடையது. ஆனால், போன வருடம் என் மகளுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்ததும் எல்லா ஆலோசனையையும் மறுபடி தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஜெனரல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் உண்டு. மாதத்தில் பாதி நாள் இரவு பத்தரைக்கு முடிகிற வேலை. அந்த நேரத்துக்கு வருகிற பஸ் எங்கள் ஊர்ப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. "நம்ம காரை எடுத்துட்டுப் போறேன்ம்மா" என்றாள். பகலில் அது அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் அந்த ரோட்டில் இரவில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர், கார்களைச் சுமந்து போகிற நீள டிரெய்லர், டிப்பர், ஷிஃப்ட் பஸ், நடுவில் ஹெல்மெட் போட்ட, போடாத பைக்குகள்.

என் கணவர் முதலில் மைலேஜ் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி வைத்திருக்கிறவர்கள் கூடினால் பேச்சில் முக்கால்வாசி மைலேஜ்தான். அந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சிக்னல் தூரத்தில் தெரிந்ததும் வண்டியை நியூட்ரலில் தள்ளி உருட்டிக்கொண்டு போனால் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். பழைய கார்ப்பரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். கூடவே வேகத்தைப் பிடித்து நிறுத்தும் இன்ஜினின் உதவியும் போய்விடும்.

சரி, டிரெய்லர் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. முப்பது வருடமாக லாரி, டிரெய்லர் ஓட்டுகிறார். என் மகள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். விஷயத்தைச் சொன்னதும், "ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வாம்மா, வண்டி நிக்குது" என்றார்.

போனோம். டீக்கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. என் மகளை ஏற்றி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். என்னை வண்டிக்கு முன்னால், பம்பரை ஒட்டி நிற்கச் சொன்னார்.

"அம்மா தெரியுறாங்களா?"

"இல்லையே பெரியப்பா."

இடது பக்கக் கதவோரம் நிற்கச் சொன்னார். தெரியவில்லை. டிரெய்லருக்கு நேர் பின்னால் போகச் சொன்னார். அங்கே நான் மட்டுமல்ல, எங்கள் காரையே நிறுத்தினாலும் தெரியாது. நான் மூன்று இடத்திலும் நின்றுகொண்டு கையை ஆட்டுகிறேன். பெற்ற மகள் மேலே உட்கார்ந்து தேடுகிறாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தோம். கீழே இறங்கியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"புரிஞ்சுதா பாப்பா? என் சைடு கண்ணாடியில என் மூஞ்சி உனக்குத் தெரியலைன்னா, நீ எனக்குத் தெரியலைன்னு அர்த்தம். நான் பார்த்துப் போவேன்னு நம்பாதே. நான் நல்லவன்தான். ஆனா பார்க்க முடியாது" என்றார்.

நம் ஊரில் லாரியின் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதால், இடது பக்கம்தான் டிரைவருக்குப் பெரிய இருட்டு. நம் பைக்காரர்கள் புகுந்து போவதும் அந்தப் பக்கம்தான். அடுத்து அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். நீள வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன வழியே வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி வலப்பக்கம் ஒதுங்கியதும் இடது பக்கம் ஒரு பெரிய இடைவெளி தெரியும். நமக்கு வழிவிடுகிறார் போல என்று தோன்றும். அதில் நுழைந்தால் நசுங்குவோம். ஒரகடம் கூட்டுரோடு, கம்பெனி கேட் திருப்பங்கள் எல்லாவற்றிலும் தினமும் நடக்கிற காட்சி இது. லாரியின் இண்டிகேட்டரைப் பார், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காதே என்றார். ஓவர்டேக் பண்ணிவிட்டு உடனே முன்னால் வந்து பிரேக் அடிப்பதும் கூடாது. முப்பது, நாற்பது டன்னோடு வருகிறவர் கார் போல நிறுத்த முடியாது. அவருடைய முழு முகப்பும் நம் நடுக்கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் லேன் மாற வேண்டும்.

எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. தீபாராதனையின்போது அர்ச்சகர் காட்டுவார். புது வண்டி வாங்கினால் பூஜை போடப் பலரும் வருவது அங்கேதான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பும்போது இரண்டு சைடு கண்ணாடியும் மடங்கியே இருக்கிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெருமாள் பாவம், எத்தனையைத்தான் பார்ப்பார்!

இரவில் நிற்கிற லாரி, ஓடுகிற லாரியைவிட மோசம். பார்க்கிங் இடம் கிடைக்காமல் ரோட்டோரமாகவே வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பின் விளக்கு எரியாது. ஒளி வாங்கும் ஸ்டிக்கர் சேற்றில் மறைந்திருக்கும். இதற்கு என் கணவர் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். மைலேஜ் கோபத்தை அதோடு மறந்தேன். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதிலேயே 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில் இன்னொரு 35 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். லோ பீம் வெளிச்சத்தில் விளக்கில்லாத ஒரு லாரி நம் கண்ணுக்குத் தெரிவதே தோராயமாக 40, 50 மீட்டரில்தான். அதே கணக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 35 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. "அப்போ ராத்திரியில ஐம்பதுதான்" என்று அவளே சொன்னாள். எதிரில் வண்டி இல்லாதபோது ஹை பீம், வந்ததும் டிம். நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். எதிரே வருகிறவர் டிம் செய்யாவிட்டால் பதிலுக்கு ஹை பீம் அடிக்காமல், ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகச் சொன்னேன்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது மறைமலை நகரில் பிறந்த ஃபிகோ. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி வண்டி வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு தம்பி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இப்போது வேறு கம்பெனி. எங்கள் கார் தெருமுனையில் திரும்பும்போது சத்தத்தை வைத்தே, "அக்கா, பெல்ட் கத்துது, மாத்திடுங்க" என்பார். அப்போது அவர் முகத்தில் வருகிற ஒரு வாஞ்சையை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஸ்பேர் கிடைக்காது, விற்றுவிடுங்கள் என்று பலர் பயமுறுத்தினார்கள். இதுவரை கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது.

ஆனால் டயர் விஷயத்தில் ஒரு ஆச்சரியம். எங்கள் வண்டி அதிகம் ஓடாதது. பட்டன் எல்லாம் நன்றாக, ஆழமாகவே இருந்தது. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்பது சட்டம். நம்முடையதில் அதற்கு மேல் தாராளமாக இருக்கிறதே என்றார் கணவர். டயர் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண்: 2316. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. "ரப்பர் ஓடினாலும் ஓடாட்டியும் வயசாகும்க்கா. சைடுல மயிர்க்கோடு மாதிரி விரிசல் பாருங்க" என்றார். நாலையும் மாற்றினோம். நீங்களும் இன்றைக்கே குனிந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. ஆபத்துக்கு எடுக்கும்போது அதில் காற்றே இருக்காது.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. நேர் எதிர். காற்று குறைந்த டயர்தான் அதிகம் மடங்கி, சூடேறி, வெடிக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன், காலையில் அடிப்பது நல்லது. நைட்ரஜன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

எலி பற்றி ஒரு பத்தி எழுத ஆசை, ஆனால் அது தனிக் கட்டுரை. புகையிலை, அந்துருண்டை, மிளகாய்த்தூள் எல்லாம் வைத்தாயிற்று. தினமும் வண்டி ஓட ஆரம்பித்த பிறகு எலி வரவில்லை, அவ்வளவுதான்.

மழையைத் தாண்ட முடியாது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பார்த்தவர்கள் நாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் மிதந்ததை யார் மறப்பார்? தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. உள்ளே இரும்புத் தண்டே வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது. இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்க்கிற பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். ரினியூவல் தேதி வரும்போது அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சீட் பெல்ட்டைப் பற்றி மகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளோடு வரும் தோழிகளுக்குத்தான். பின் சீட்டில் எதற்கு என்பார்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார். அலாரச் சத்தத்தை நிறுத்தச் செருகும் போலி க்ளிப்பை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2023இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது. "பெல்ட் போட்டாத்தான் வண்டி நகரும்" என்று சொல்லிவிடு என்றேன். சொல்லுகிறாளாம்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்த கேள்வி வேறு. இரவு பதினொரு மணிக்கு, ஆள் இல்லாத இடத்தில் பஞ்சர் ஆனால்? ஆண்கள் எல்லோரும் ஜாக்கி போடக் கற்றுக்கொடுத்தார்கள். நல்லதுதான், அவளும் இருபது நிமிடத்தில் மாற்றிக் காட்டினாள். ஆனால் நான் சொன்னது: "இருட்டுல இறங்காதே. டபுள் இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டு, பத்து பதினைஞ்சு வேகத்துல, வெளிச்சமா இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் உருட்டிக்கிட்டே போ. டயர் கிழிஞ்சா கிழியட்டும்." என் கணவர் வாயைத் திறந்தார், ரிம்மும் போய்விடும் என்று. "போகட்டும்" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. போகும் வழியில் விடிய விடிய விளக்கெரிகிற பங்க் எவை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மூவரும் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தோம். தூக்கம் கண்ணைக் கட்டினாலும் அங்கேதான். ஜன்னலைத் திறப்பதோ பாட்டை அலற விடுவதோ தூக்கத்தைப் போக்காது. கதவைப் பூட்டிக்கொண்டு இருபது நிமிடம் தூங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எட்டு மாதமாகப் போய் வருகிறாள். லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்களாம். "அடிக்கட்டும்மா, பெரியப்பா மூஞ்சி தெரிஞ்சாதான் தாண்டுவேன்" என்கிறாள். எந்த டிரெய்லரை ஓட்டுகிறவரும் அவளுக்குப் பெரியப்பாதான்.

எனக்கான ஆலோசனையை டிரெய்லர் அண்ணனின் மனைவி கொடுத்தார். "முப்பது வருஷத்துல அவர் வண்டியில இருக்கும்போது நான் ஒரு போன் பண்ணினதில்லை தங்கச்சி. எடுப்பாங்க. பொண்டாட்டி, அம்மான்னு பேரு வந்தா எடுத்துடுவாங்க. அதான் பண்ணக் கூடாது."

பத்தரைக்கு மேல், 'கிளம்பிட்டேன்' என்று மெசேஜ் வரும். பதிலுக்குக்கூட நான் எதுவும் அனுப்புவதில்லை. போனைச் சாமி ஷெல்ஃபில் வைத்துவிட்டு, அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். அவள் வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் முதல் தோசையை ஊற்றுவது.