வாய்க்கால் பாலத்தில் மடங்கிய சக்கரம்

பழைய கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கப் போகிறோம் என்று நாம் வீட்டில் சொன்னபோது, அடுப்படியிலிருந்து வந்த மறுமொழியை இங்கே எழுதுவதற்கில்லை. பேரன் பேத்தி எடுத்த வயதில், ஓய்வூதியப் பணத்தைத் துருப்பிடித்த இரும்பில் கொட்டுகிறவனை எந்த வீட்டில்தான் மெச்சுவார்கள்? அமெரிக்காவில் மஸ்டாங் முதலான அந்தக் கால முரட்டுக் கார்களை வாங்கி, ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நிறுத்திப் பழுது பார்ப்போர் ஏராளம் என்று எடுத்துச் சொன்னோம். "அங்கே கொட்டகை இருக்கிறது, இங்கே நெல் மூட்டை போடவே இடமில்லை" என்பதோடு அந்த வாதம் முடிந்தது.

நாம் வாங்கியது முரட்டுத்தனம் எதுவுமற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர் உருவம் வரைய, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரோடு வெளிவந்து, 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி அது. அந்நாளில் நம் நாட்டுச் சாலைகளில் பெரும்பாலும் ஓடியவை மூன்றே வகைக் கார்கள். அம்பாசிடர் வங்காளத்து உத்தர்பாராவிலும் பியட் பம்பாயிலும் பிறந்தன. தமிழகத்தில் பிறந்தது ஹெரால்டு ஒன்றே. எஞ்சின் 948 சி.சி. அறுபதுகளின் இறுதியில் நான்கு கதவுகளோடு மார்க் மூன்று வந்தது. பிறந்த நாட்டில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்ததே இல்லை என்பது நம்மவர்களுக்கு ஒரு பெருமை.

நம் அத்தா அவர்கள் 1972இல் அத்தகைய வண்டியொன்றைத் திருச்சியில் இரண்டாம் கையாக வாங்கி வந்தார்கள். அறந்தாங்கியில் எங்கள் ஜவுளிக்கடை இருந்த தெரு குறுகலானது. அம்பாசிடர் நான்கு முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில், ஹெரால்டு ஒரே வளைவில் திரும்பிவிடும். அதன் திரும்பு வட்டம் சுமார் 25 அடி. லண்டன் டாக்சியைப் போலத் திரும்பும் என்று அக்காலத்தில் சொல்வார்கள். வண்டி திரும்பும்போது கடைவாசலில் நின்று அத்தா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டியவர் மீமிசல் பக்கத்துக்காரர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, நாம் அவரை அண்ணன் என்றே அழைத்தோம்.

1977இல் ஒரு நாள், கோட்டைப்பட்டினத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஆவுடையார்கோவிலைத் தாண்டி, குத்தகைக்காரரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அத்தா சொல்ல, அண்ணன் வேகத்தைக் குறைத்து வாய்க்கால் பாலத்தில் இடப்புறம் ஒடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி இடப்புறம் சாய்ந்தது. பிறகுதான் பாலத்துக் கல்லில் மோதி வாய்க்காலுக்குள் இறங்கியது. அத்தாவின் இடக்கை முறிந்தது, கடைசி வரை அது நேராக நிமிரவேயில்லை. முன் சக்கரம் ஒன்று மடங்கி, முறிந்த இறக்கையைப் போலக் கிடந்தது.

வேகமாக வந்து கல்லில் மோதியதால் சக்கரம் மடங்கியது என்று கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மெதுவாத்தான் வந்தேன் முதலாளி" என்று அண்ணன் மூன்று நாள் எங்கள் திண்ணையில் நின்று சொன்னார். நமக்கு அப்போது வயது பதின்மூன்று. பின்னிருக்கையில் நடுவில் அமர்ந்து முன்னே பார்த்துக்கொண்டுதான் வந்தோம். சத்தம் முதலில், சாய்வு பிறகு, மோதல் அதற்கும் பிறகு என்பது நமக்குத் தெரியும். பெரியவர்கள் பேசும் இடத்தில் பேசக்கூடாது என்று பழக்கப்பட்டிருந்தோம், பேசவில்லை. நான்காம் நாள் அண்ணன் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். வண்டியும் கிடைத்த விலைக்குப் போயிற்று. அத்தா அவர்கள் 1991இல் மவுத்தானார்கள்.

2019இல் இராயவரத்தில் ஒரு வீட்டுப் புளியமரத்தடியில் மார்க் மூன்று ஒன்று நிற்பதைக் கண்டோம். எஞ்சின் மூடிக்குள் கோழிகள் குடியிருந்தன. ரூபாய் 35,000 கொடுத்து, லாரியில் ஏற்றி, அறந்தாங்கிப் பட்டறை ஒன்றில் இறக்கினோம். பட்டறைப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். இளமையில் ஹெரால்டுகளையே கழற்றி மாட்டியவர்.

இந்த வண்டியைக் கழற்றுவது தனி இன்பம். முன்பகுதி முழுவதும் பெட்டி மூடி போல முன்னோக்கிக் கவிழும். சக்கரத்தின்மேல் அமர்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. உடலும் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு இணைத்ததே. சட்டத்தின் பக்கவாட்டுக் கைகள் அப்பளமாக நொறுங்கின, புதிய தகடு வெட்டிப் பற்றவைத்தோம். கதவுக் கைப்பிடிகளுக்காகச் சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தோம். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று பணம் போன வழியைச் சொல்லி வாசகர்களை வருத்த விரும்பவில்லை. நடுவில் கொரோனா வந்து பட்டறையே பூட்டிக் கிடந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம் என 2021இல் மத்திய அரசு விதி செய்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக்கூடாதாம். ஓட்டாத காரை என் செய்வது? சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டோம்.

முன் சக்கரங்களைக் கழற்றிய நாளில்தான் பெரியவர் நம்மை அருகே அழைத்தார். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை திருகாணி போல மரை வெட்டப்பட்டு, டிரன்னியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். தண்டைத் துடைத்து வெயிலில் காட்டினார். மரைக்கு மேலே மயிரிழை போல ஒரு விரிசல்.

"இதுக்குள்ளே கிரீஸ் அடிக்கக்கூடாது பாய், கெட்டியான கியர் எண்ணெய்தான் விடணும். கிரீஸ் மரைக்குள்ளே எறங்காது. தண்ணி தங்கும், துரு ஏறும், ஒரு நாள் முறியும். வேகமாப் போகையிலே முறியாது. மெதுவா ஒடிச்சுத் திருப்புவோமே, அப்பத்தான் முறியும்."

நாம் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தோம். வாய்க்கால் பாலத்தில் நடந்ததைச் சொன்னோம். எந்தப் பக்கம் திருப்பினார், சக்கரம் எப்படிக் கிடந்தது என்று கேட்டுவிட்டு, "வேற என்ன, இதேதான்" என்றார். வண்டியின் முன்னறையில் கறையான் அரித்த கையேடு ஒன்று கிடந்தது. எண்ணெய் என்றே அதில் அச்சிட்டிருந்தது. எண்ணெய் ஏற்றும் கருவியை மாட்டுவதற்கான துளையில் கிரீஸ் நிப்பிளைப் பார்த்தவர்கள், கிரீஸையே அடித்துவந்திருக்கிறார்கள். அத்தாவின் வண்டி இன்றில்லை, சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் அந்தச் சத்தம் நம் காதில் இருக்கிறது.

2022இல் வண்டி ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தில் இவ்வகை வண்டிகளைப் பேணுவோர் மிகுதியாதலால் புதிய தண்டுகள் கிடைத்தன. முதல் நெடும்பயணமாக மீமிசலுக்குப் போனோம். விரிசல் கண்ட பழைய தண்டைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றோம்.

அண்ணனுக்கு எண்பது வயதாகியிருந்தது. கண் மங்கல். நாம் யார் என்று சொல்லி, தண்டைக் கையில் கொடுத்தோம். விவரத்தைக் கேட்டுக்கொண்டே கட்டைவிரலால் மரையை நெடுநேரம் தடவினார்.

"மாசாமாசம் கிரீஸ் அடிக்கச் சொன்னது நான்தான் தம்பி. நிப்பிள் இருந்தா கிரீஸுதானேன்னு நெனச்சோம். ஆனா வேகமா வரலே."

"வரவில்லை அண்ணே. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

மருமகளை அழைத்துத் தேநீர் போடச் சொன்னார். பிறகு, "அதை அத்தாகிட்டே அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நமக்கு விடை ஏதுமில்லை. அத்தாவிடம் சொல்வதற்குப் பதினான்கு ஆண்டுகள் இருந்தன.

தேநீர் குடித்தபின் எழுந்து வெளியே வந்து, முன் மூடியைத் தொட்டுத் தடவி, இடப்புற இருக்கையில் அமர்ந்தார். அந்தத் தெரு எங்கள் கடைத்தெருவை விடக் குறுகல். "இங்கேயே திருப்புங்க, பார்ப்போம்" என்றார். ஒடித்தோம். வண்டி பின்வாங்காமல் ஒரே வளைவில் திரும்பியது. அண்ணன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இடப்புறச் சக்கரத்தின் மேலேயே காதை வைத்திருந்தார்.