குறட்டையை நிம்மதி என்றெண்ணினோம்

என் ஏழு வயது மகனின் குறட்டையை நிம்மதியான உறக்கம் என்றே எண்ணியிருந்தோம். பகலில் ஓரிடத்தில் அமரமாட்டான். மத்ரஸாவில் ஓதிய பாடம் மறுநாள் நினைவிருக்காது. குறும்பு என்று கடிந்துகொண்டேன்.

ஒருநாள் தஹஜ்ஜுத் வேளையில் அவன் குறட்டை சட்டென்று நின்றது, மூச்சும் நின்றது. சில நொடிகளில் திணறலோடு திரும்பியது.

டான்சில், அடினாய்டு சதைகள் பெருத்து மூச்சுப்பாதையை அடைப்பதாக மருத்துவர் விளக்கினார். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மூளை அவனை அரைகுறையாய் விழிக்கச் செய்து மூச்சை மீட்கிறது. இப்படி உறக்கம் துண்டுபடுவதால் கவனம் சிதறுகிறது. கற்றது சரியாகப் பதிவதில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின், அல்ஹம்துலில்லாஹ், அமைதியாக உறங்குகிறான். கடிந்த நாட்கள்தாம் என்னை உறுத்துகின்றன. பிள்ளைகள் அமானிதம், கண்டிக்கும் முன் ஓரிரவு அவர்கள் மூச்சைக் கேளுங்கள்.